தெருவைக் கேட்டுத் தரும் வீடு

எங்கள் கம்பத்தில் ஒத்தி வீட்டைக் காலி செய்வது என்றால் சாமான்களை வண்டியில் ஏற்றுவதோடு முடிவதில்லை. நமக்குப் பின்னால் அந்த வீட்டுக்கு வர ஓர் ஆளை நாமே பிடித்துக் கொடுக்க வேண்டும். ஒத்திக்கு மாத வாடகை கிடையாது. மொத்தமாக ஒரு தொகையை வீட்டுச் சொந்தக்காரர் கையில் கொடுத்துவிட்டுக் குடியிருக்கலாம், காலி செய்யும்போது கொடுத்ததை அப்படியே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எந்தச் சொந்தக்காரரும் அந்தத் தொகையைப் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. ஜீப் வாங்கியிருப்பார், மகளைக் கட்டிக் கொடுத்திருப்பார், மலை மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் போட்டிருப்பார். "அடுத்த ஆளைக் கூட்டியாங்க, அவுக குடுக்குறதை அப்படியே உங்க பக்கம் தள்ளி விட்டுர்றேன்" என்பார். ஆக, வீட்டைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லி அடுத்தவர் தலையில் கட்டுகிற வேலை, அந்த வீட்டில் இருந்து நொந்தவருக்கே வந்து சேரும்.

எனக்கு வாய் நீளம் என்பது என்னைக் கட்டிக்கொண்ட வீட்டுக்காரரின் கருத்து. உரக்கடையில் பில் போடுகிற வேலை எனக்கு. நாள் முழுக்கக் கடன் சொல்ல வருகிறவர்களோடு மல்லுக்கட்டி அப்படி ஆகிவிட்டேன் என்று நான் சொல்லிக்கொள்வேன். போன வருடம் நாங்கள் வீடு மாற முடிவு செய்து, ஆள் பிடிக்கிற வேலை என் தலையில் விழுந்தபோது அவர் முதலில் சொன்னது இதுதான்: "தண்ணியைப் பத்தி மட்டும் மூச்சு விட்டுறாத."

அந்த வீட்டின் வியாதியே தண்ணீர்தான். வாய்க்காலை ஒட்டிய நெல்வயலில் மண்ணடித்து மேடாக்கிக் கட்டிய வரிசை வீடுகளில் அது ஒன்று. ஜீப் ஓட்டுகிறவர்கள், வாழைத்தார் லோடு ஏற்றுகிறவர்கள், திராட்சைக் கொடியை வெட்டிக் கவாத்து அடிக்கிறவர்கள், விடியக்காலையில் ஜீப்பில் மலையேறி எஸ்டேட் வேலைக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறவர்கள், இவர்கள்தான் அந்த வரிசையில் குடியிருப்பவர்கள். வருடா வருடம் முதல் போகத்துக்கு அணையைத் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, சுற்றி இருக்கிற வயல்கள் நிறைந்ததும் எங்கள் வீட்டுத் தரை வியர்க்க ஆரம்பிக்கும். பிறகு டைல்ஸ் இடுக்கில் கசியும். கட்டில், பீரோ, அரிசி மூட்டை எல்லாம் செங்கல் மேல் ஏறும். சுவரில் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்து உதிரும். இருபோகம் விளைகிற பூமி என்று எங்கள் பள்ளத்தாக்கை மேடை போட்டுப் புகழ்வார்கள். அந்த இரண்டு போகமும் எங்கள் படுக்கையறை வரைக்கும் விளைந்தது.

எங்களுக்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் சித்திரை வெயிலில் வீட்டைக் காட்டினார்கள். அந்த அம்மா எனக்கு மோர் கொடுத்து, "கோடையிலகூட உள்ள குளுகுளுன்னு இருக்கும்" என்றார். பொய் சொல்லவில்லை, பாவம்.

நாங்களும் சகித்துக்கொண்டுதான் இருந்திருப்போம். மகளுக்கு மூச்சிளைப்பு வந்தது. பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை, தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியது. டாக்டர் என் முகத்தைப் பார்த்து, "மருந்து நான் குடுப்பேன், ஈர வீட்டுக்கு மருந்து இல்லைம்மா" என்றார். அடுத்த போகத்துக்குத் தண்ணீர் திறப்பதற்குள் பிள்ளையை அந்தத் தரையிலிருந்து தூக்கிவிட வேண்டும் என்பது மட்டும்தான் அன்று முதல் என் மனதில் இருந்தது.

வீடு தேடிக் கிளம்பிய பிறகுதான் ஊர் எவ்வளவு மாறிவிட்டது என்று தெரிந்தது. பைபாஸ் பக்கம் மேட்டில் இருந்த திராட்சைத் தோட்டங்கள் பந்தலைப் பிரித்து, கல் நட்டு, பிளாட் ஆகி, வீடும் ஆகிவிட்டன. கட்டியவர்களில் பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. ஒருவர் கட்டப்பனையில் கடை வைத்திருக்கிறார், ஒருவர் வளைகுடாவில், இன்னொருவர் பிள்ளைகளோடு திருப்பூரில். இருக்கிற வீட்டிலும், வடக்கேயிருந்து தோட்ட வேலைக்கு வருகிற பையன்களை ஓர் அறைக்கு எட்டுப் பத்துப் பேராக வைத்து, தலைக்கு இவ்வளவு என்று வாங்குவது லாபம் என்று சிலர் கண்டுகொண்டார்கள். எஸ்டேட்டில் வயது முடிந்து மலையிறங்கி வருகிற குடும்பங்களும் இங்கேதான் வீடு கேட்கின்றன. குடும்பத்துக்கு விடுகிற வீடு குறைந்து, கேட்கிற தொகை ஏறி, சொந்தக்காரர்கள் நிதானமாகப் பொறுக்கி எடுக்கிற காலமாகிவிட்டது.

மேட்டுத் தெருவில் மஞ்சள் பெயின்ட் அடித்த அந்த வீட்டைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. மாடியில் சொந்தக்கார அம்மா, கீழ்வீடு காலி. சுவரில் கையை வைத்துப் பார்த்தேன், அப்பளம் போலக் காய்ந்திருந்தது. அந்த அம்மா என்னை மாடிக்குக் கூட்டிப்போய் சோபாவில் உட்கார வைத்து, "உங்களுக்கு எந்த ஊரு?" என்று ஆரம்பித்தார்.

குச்சனூர் பக்கம் என்றேன்.

"ஊருல எந்தத் தெரு?"

இந்தக் கேள்வி எதற்கு என்று தெரியாதவர் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. என்ன சாதி என்று கேட்டால் அநாகரிகம், தெருவைக் கேட்டால் விசாரிப்பு. கிராமத்தில் இன்னார் இன்ன தெருவில் என்று பிரிந்துதான் இருக்கிறோம், அதனால் தெருவைச் சொன்னால் மிச்சத்தையும் சொன்ன மாதிரி. நான் பிள்ளையார் கோயில் தெரு என்றேன். கொஞ்சம் வேகமாகவே சொன்னேன். "அப்படிச் சொல்லுங்க" என்று அந்த அம்மா முகம் மலர்ந்து காபி கலக்கப் போனார். திரும்பி வந்து டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, "நேத்துக்கூட ஒரு பொம்பளை வந்து கேட்டுச்சு. வீடு முடிஞ்சிருச்சுன்னு அனுப்பிட்டேன். உங்களை மாதிரி ஆளுக வருவாகன்னுதான் வச்சிருந்தேன்" என்றார்.

அதைக் கேட்டு எனக்கு வந்தது பெருமை. எழுதவே கூசுகிறது. நாம் வந்தால் கதவு திறக்கிறது என்கிற பெருமை. எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? நான் பிறந்த தெருவை நானா தேடிப் பிடித்தேன்? காபி நன்றாக இருந்தது, குடித்தேன். கொஞ்சம் முன்பணம் வாங்கிக்கொண்டு, வைகாசி முடிவதற்குள் முழுத் தொகையும் வந்துவிட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார்.

முழுத் தொகை என்பது பழைய வீட்டுச் சொந்தக்காரரிடம் முடங்கிக் கிடந்த எங்கள் ஒத்திப் பணம்தான். அது வர வேண்டுமானால் ஈர வீட்டுக்கு ஆள் வர வேண்டும். வெள்ளையடித்தோம். உப்பு அதிகம் பூத்த சுவரை மறைத்துப் பீரோவை நகர்த்தினோம். என் வீட்டுக்காரர் சாம்பிராணி வேறு வாங்கி வந்தார். முதலில் வந்த ஜீப் டிரைவர் சுவரில் மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்து வந்தவர்களிடம் பக்கத்து வீட்டு அம்மாவே எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் அவரைத் திட்டப் போய், அவர், "நாளைக்கு வர்றவகளோட மொகத்துல நான்தானே முழிக்கணும்?" என்று கேட்டதும் திரும்பி வந்துவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பெண் வந்தார். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வருகிறவர். என்னைவிட மூத்தவர் என்று பார்த்ததுமே தெரிந்தது, ஆனாலும் என்னை அக்கா என்றார். குழாயைத் திறந்து பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், "ஜீப்பு காலையில இங்கன முக்குலயே நிக்கும்ல?" என்று கேட்டுக்கொண்டார். கடைசியாக உள்ளறைக்குள் போய் நின்று சுற்றிப் பார்த்தார்.

"மகளைப் பிரசவத்துக்குக் கூட்டியாரணும்க்கா. ஆடியில நாளு. இந்த ரூம்ல படுக்க வச்சுக்கிருவேன்."

அந்த வரிசையிலேயே அதிகமாகத் தண்ணீர் ஏறுகிற அறை அது. என் மகள் உட்கார்ந்தபடி தூங்கிய அறையும் அதுதான். சாம்பிராணி வாசத்தில் நின்றுகொண்டு அந்தப் பெண் பச்சைப் பிள்ளையைப் பற்றிப் பேசுவதை என்னால் தாங்க முடியவில்லை. "இந்த ரூம்லதான் தண்ணி ஊறும்" என்று சொல்லிவிட்டேன். ஒன்று சொன்ன பிறகு மற்றதும் கொட்டியது. பீரோவைப் பிடித்து இழுத்துச் சுவரையும் காட்டினேன். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. வீட்டுக்காரரின் ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை, நாம் நல்லவள்தான் என்று ஒரு திருப்தி.

அந்தத் திருப்தி ரொம்ப நேரம் நிலைக்கவில்லை.

"பாத்தேன்க்கா, வாசப்படிகிட்டயே தெரிஞ்சுச்சு" என்றார் அவர். "வயக்காட்டுல கட்டுன வீடு வேற எப்படி இருக்கும்?"

"தெரிஞ்சுமா கேக்குறீக?" என்று அதட்டுகிற மாதிரி கேட்டேன்.

"இப்ப இருக்கிற வீட்டை இடிச்சுக் கடை கட்டப் போறாகளாம், வெளிய போகச் சொல்லிட்டாக. மேட்டுப் பக்கம் ஏறாத வீடு இல்லைக்கா. எந்த ஊருன்னு கேப்பாக. தேவாரம் பக்கம்பேன். எந்தத் தெருன்னு கேப்பாக. காலனிம்பேன். அம்புட்டுத்தான், வீடு அந்த நிமிஷமே முடிஞ்சுபோயிரும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "மஞ்சப் பெயின்ட் அடிச்ச வீடு ஒண்ணு. கீழ்வீடு. சொந்தக்கார அம்மா மாடியில இருக்காக. ஜன்னலைத் தொறந்தா அப்படி ஒரு காத்து. கையில முழுத் தொகையும் கொண்டு போயிருந்தேன், அன்னைக்கே குடுத்துருப்பேன்."

அவரிடம் முழுத் தொகை இருந்தது, என்னிடம் முன்பணத்துக்கே திண்டாட்டம். அவருக்கு முடிந்துபோன வீடு, மறுநாள் எனக்குக் காபியோடு திறந்தது. நான் என்னவோ சொல்ல வேண்டும் என்று, "வேற தெருவைச் சொல்லிற வேண்டியதுதானே" என்றேன். அதைவிட முட்டாள்தனமாக ஒன்றை நான் பேசியதில்லை.

"சொல்லலாம்க்கா. ஒரு நா ஊருக்காரக யாராச்சும் வந்து நிப்பாக. பிள்ளை பெத்தவளை வச்சுக்கிட்டு அன்னைக்கு எங்கன போறது?" என்றார். பிறகு, "நீங்க எங்கன போறீக?" என்று கேட்டார்.

நாள் முழுக்க ஊர் வாயை அடைக்கிறவள் நான். அன்று "பைபாஸ் பக்கம்" என்று மட்டும் சொன்னேன்.

"நல்லது. பிள்ளைக்கு இளைப்புன்னீகள்ல, மேட்டுல ஒத்துக்கிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழைய வீட்டுச் சொந்தக்காரர் அவரிடம் தெருவெல்லாம் கேட்கவில்லை. தண்ணீர் ஊறுகிற வீட்டுக்கு அதைக் கேட்கிறவர் யாரும் கிடையாது. என் வீட்டுக்காரருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். "விசயத்தைச் சொல்லியுமா ஒத்துக்கிட்டாக! கெட்டிக்காரிதான்" என்று என்னையே பாராட்டினார். மஞ்சள் வீட்டு விஷயத்தை அவரிடம் சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நாம விட்டுக் குடுத்தா மட்டும் அந்தம்மா அவுகளுக்குக் குடுத்துருமா?" என்று கேட்டார். குடுக்காதுதான். அவர் கேட்டதில் தப்பு கண்டுபிடிக்க முடியாததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மகள் அந்த நேரத்தில் உள்ளே இருமிக்கொண்டிருந்தாள்.

வைகாசியில் ஒரு நல்ல நாள் பார்த்து, அந்தப் பெண் பணத்தை ஒரு துணிப்பையில் கொண்டுவந்து சொந்தக்காரர் மேசையில் வைத்தார். சொந்தக்காரர் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பையைப் பிரிக்காமல் அப்படியே எங்கள் பக்கம் நகர்த்தினார். நாங்கள் அதே பையை அன்று சாயங்காலம் மாடி அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு எடுத்துக்கொண்டார். அவர் படியேற விடாத பெண்ணின் பணம்தான் அது என்று எனக்கு மட்டும் தெரியும். சொல்லியிருக்கலாம். அவர் நீட்டிய பிரசாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படியிறங்கினேன்.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றிலிருந்து மகள் நீட்டிப் படுத்துத் தூங்கினாள். அதைப் பார்க்கும்போது எனக்கு வேறு எதுவும் தோன்றாது. கடையில் இருக்கும்போதுதான் தோன்றும். நாற்றங்காலுக்கு உரம் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினால் தண்ணீர் திறந்தாயிற்று என்று அர்த்தம். பில் போட்டுக்கொண்டே, இந்நேரம் அந்த அறையில் எந்த மூலையில் கசியும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஆடி கடைசியில் அந்தப் பெண்ணே போன் செய்தார். என் மகள் ஆர்டர் போட்ட புத்தகப் பார்சல் பழைய விலாசத்துக்குப் போய்விட்டது, வாங்கி வைத்திருக்கிறேன் என்றார். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். போகவில்லை. கடையில் கூட்டம் என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். உண்மை என்னவென்றால், அந்தத் தரையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. திரும்பவும் கூப்பிட்டார், நாளைக்கு என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வந்தது.

"அக்கா, மருந்துக் கடைக்கு வந்தேன், பார்சலையும் எடுத்தாந்துட்டேன். முக்குக் கடையில உங்களைக் கேட்டா மஞ்ச வீடுன்றாக." திரும்பவும், "மஞ்ச வீடுதானாக்கா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"சரிக்கா. எதுத்தாப்புல நிக்கிறேன், வந்து வாங்கிக்கிறீகளா?"

வெளியே வந்தேன். வாசலுக்கு வரவில்லை அவர், தெருவுக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டுச் சுவரை ஒட்டி நின்றிருந்தார். மாடியில் அந்த அம்மா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். நான் தெருவைக் கடந்து போய்ப் பார்சலை வாங்கினேன். மகளுக்குப் பிரசவம் ஆகிவிட்டதா என்று கேட்டேன்.

"ஆயிருச்சுக்கா, பொம்பளப் பிள்ளை. நீங்க சொன்னதுனால முன்னாடியே செங்கல்லு வாங்கிக் கட்டிலை ஒசத்திப் போட்டோம். இல்லைன்னா பச்ச உடம்புக்காரி தவிச்சுப் போயிருப்பா." எனக்கு நன்றி சொல்கிறார். பிறகு வீட்டை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "உங்க பிள்ளைக்கு இப்ப எப்படிக்கா இருக்கு?" என்றுதான் கேட்டார்.

"நல்லா இருக்கா."

"அதுதான்க்கா வேணும்."

அடுத்து நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வீடு தேடி வந்தவரை உள்ளே வாங்க என்று சொல்வது. எனக்குப் பின்னால் மாடியில் துணி உதறுகிற சத்தம் நின்றுவிட்டது. "உள்ள..." என்று ஆரம்பித்தேன். என் காதுக்கே கேட்காத குரலில்தான் ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை. "இருக்கட்டும்க்கா, பிள்ளைக்கு மருந்து குடுக்கணும்" என்று சொல்லி அதற்குள் இரண்டு எட்டு நகர்ந்துவிட்டார். எனக்குள் முதலில் வந்தது அப்பாடா என்கிற நிம்மதி. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசையை நான் மாற்றிச் சொல்லிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன், முடியவில்லை.

"யாரு தங்கச்சி அது?" என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

"பார்சல் குடுக்க வந்த பொம்பளைக்கா" என்றேன்.

கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். மகள் கூடத்தில் நின்றிருந்தாள்.

"நம்ம பழைய வீட்டுக்கு வந்தவகதானேம்மா? உள்ள கூப்பிடலையா?"

"கூப்பிட்டேன்டி. அவுகளுக்கு நேரமில்லையாம்."

அவள் பார்சலைக் கையில் வாங்கினாள். "நான் ஜன்னல்கிட்டதாம்மா நின்னேன்" என்றாள். பிரிக்காமலே அதை மேசை மேல் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.